பிறந்ததும் அழாத குழந்தை: “மூளைக்கு ஆக்சிஜன் போகல” என்று கேட்ட நாளிலிருந்து வழக்கு வரை

“குழந்தை பிறந்ததும் அழலைங்க. உடனே தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்க.” என்னிடம் பேச வரும் பெற்றோர் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில்தான் தொடங்குகிறார்கள். அதன் பிறகு நடந்ததெல்லாம் அவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கும்: மூடிய கதவு, வென்டிலேட்டர் என்ற சொல், எங்கெங்கோ போட்ட கையெழுத்துகள், மூன்றாம் நாள் ஒரு டாக்டர் நின்றுகொண்டே சொன்ன “மூளைக்கு ஆக்சிஜன் சரியாகப் போகவில்லை”. பிரசவ கேஸ் ஷீட்டுகளை இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்வது என் வேலை. அந்தச் செய்தியை இன்றுதான் கேட்டவர்களுக்கும், சில மாதம் கழித்து “நமக்கு ஏதாவது வழி இருக்கா?” என்று தேடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

குழந்தைக்கு என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. அதில் யாராவது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார்களா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் தொட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பிரசவம் நடந்த அந்தச் சில மணி நேரத்தில் எழுதப்பட்ட தாள்களில். அந்தத் தாள்கள் காத்திருப்பதில்லை.

1. குழந்தை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும்போது

வழக்கைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். டாக்டர்கள் சொல்லும் பெயர் ‘ஹைப்பாக்சிக் இஸ்கீமிக் என்செபலோபதி’. சுருக்கமாக எச்.ஐ.இ. என்பார்கள். பிறப்பை ஒட்டிய நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்துபோனதால் மூளை சரியாக இயங்காத நிலை அது. இதை லேசானது, நடுத்தரமானது, தீவிரமானது என்று மூன்று நிலையாகப் பிரிக்கும் முறையை 1976-இல் சர்னாட் தம்பதியர் வகுத்தார்கள். இன்றும் அதன் அடிப்படையில்தான் பேசுகிறார்கள். உங்கள் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். லேசான நிலையில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தீவிர நிலையில் உயிருக்கே ஆபத்து உண்டு. நடுத்தர நிலையைப் பற்றி முதல் வாரத்திலேயே உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

நடுத்தர, தீவிர நிலைகளுக்கு இருக்கும் முக்கியச் சிகிச்சை குளிரூட்டல். குழந்தையின் உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெதுவாக ஏற்றுவார்கள். பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஏறக்குறைய நிறைமாதக் குழந்தைகளுக்குத்தான் இது பொருந்தும். “ஏன் எங்க குழந்தைக்குக் கூலிங் குடுக்கல?” என்று பின்னால் பல பெற்றோர் ஆத்திரப்படுகிறார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் குளிரூட்டல் பலன் தரவில்லை. இறப்புகூட அதிகமாக இருந்தது. எனவே குளிரூட்டவில்லை என்பது மட்டுமே தவறு ஆகிவிடாது. எந்த நாடு, எந்த வசதி, எந்த நிலை என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த நாட்களில் மூன்றே மூன்று விஷயங்களைக் கேட்டு வையுங்கள். வலிப்பு வந்ததா, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்களா? மூளை எம்.ஆர்.ஐ. எந்த நாளில் எடுக்கப் போகிறார்கள்? நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நஞ்சுக்கொடி சில நாளில் அப்புறப்படுத்தப்பட்டுவிடும். தொற்று இருந்ததா, ரத்தக் கட்டு இருந்ததா, பல வாரங்களாகவே ஏதோ சரியில்லாமல் இருந்ததா என்பதை அதில் பார்க்கலாம். போன பிறகு திரும்பி வராது.

2. நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள்

தாய் ஒரு தாளில், தந்தை ஒரு தாளில், கூட இருந்த அம்மாவோ அக்காவோ இன்னொரு தாளில். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள். பேசிப் பேசி எல்லோருடைய நினைவும் ஒன்றாகிவிட்டால், பின்னால் அதற்கு மதிப்புக் குறைந்துவிடும்.

வலி எப்போது தொடங்கியது, தண்ணீர்க்குடம் எப்போது உடைந்தது, தண்ணீர் தெளிவாக இருந்ததா பச்சையாக இருந்ததா, குழந்தையின் அசைவு குறைந்தது என்று சொன்னீர்களா, சொன்னபோது யார் என்ன பதில் சொன்னார், வலி வர டிரிப் போட்டது எப்போது, டாக்டர் நேரில் வந்தது எப்போது, ஆபரேஷன் என்று முடிவானது எப்போது, தியேட்டருக்குள் கொண்டுபோனது எப்போது. நேரம் துல்லியமாகத் தெரியாவிட்டால் “சாயங்கால டீ வந்த பிறகு” என்று எழுதுங்கள். அதுவும் ஒரு நேரம்தான்.

போனை எடுத்துப் பாருங்கள். அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் செய்திகள், எடுத்த புகைப்படங்கள், எல்லாவற்றிலும் நிமிடக் கணக்கு பதிந்திருக்கும். “இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போறாங்க” என்று தங்கைக்கு அனுப்பிய ஒரு வரி, பின்னாளில் மருத்துவமனைக் குறிப்போடு ஒப்பிடக் கிடைக்கும் ஒரே வெளிச் சாட்சியாக இருக்கலாம். போனை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள்.

இந்தத் தாளை எழுதும்போது பல தாய்மார் அழுதுவிடுகிறார்கள். “நான் சரியா முக்கலைன்னு சொன்னாங்க”, “மாடிப்படி ஏறினதாலயா?” என்று கேட்கிறார்கள். வீட்டிலேயே யாராவது அவர் மேல் பழி போட்டிருப்பார்கள். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, தொப்புள்கொடி நழுவி வெளியே வருவது, கர்ப்பப்பை கிழிவது, குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வது, நீண்டு தடைபட்ட பிரசவம் ஆகியவையே ஆக்சிஜன் குறைவின் பொதுவான காரணங்கள். இவற்றில் எதுவும் தாய் சரியாக முக்காததால் வருவதில்லை. இதைக் கணவர் தன் வாயால் அவரிடம் ஒருமுறை சொல்லிவிடட்டும்.

3. கேஸ் ஷீட் முழுவதையும் வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அது நடந்து முடிந்த பிறகு எழுதப்பட்ட சுருக்கம். நமக்கு வேண்டியது நடக்கும்போது எழுதப்பட்டவை. எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. “மேல் சிகிச்சைக்காக” என்று எழுதினால் அதுவும் உண்மைதான். தாயின் கோப்பும் குழந்தையின் கோப்பும் தனித்தனி என்பதை மறக்காதீர்கள். பலர் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில், 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். ஆனால் அதே விதி, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு மட்டுமே அவற்றை வைத்திருக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் மகப்பேறு ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் “அப்புறம் வாங்கிக்கலாம்” என்பது ஆபத்தான எண்ணம்.

வாங்க வேண்டியவற்றில் முதன்மையானது சி.டி.ஜி. தாள், அதாவது குழந்தையின் இதயத்துடிப்பையும் தாயின் வலியையும் ஒன்றாகப் பதியும் நீளத் தாள். பெரும்பாலும் இது வெப்பத்தில் அச்சாகும் தாள். பழைய கடை ரசீது போல வெளுத்துவிடும். நல்ல தெளிவில் ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முழு நீளமும் வேண்டும், நடுவில் கத்தரித்த துண்டு கூடாது. மூளை எம்.ஆர்.ஐ.யின் எழுத்தறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யும் வேண்டும். இவற்றோடு கர்ப்பகாலச் சோதனை அட்டை, ஸ்கேன்கள், பார்ட்டோகிராம் (பிரசவத்தின் போக்கை நேரவாரியாகக் குறிக்கும் வரைபடம்), மருந்துச் சீட்டு, செவிலியர் குறிப்புகள், ஆபரேஷன் குறிப்பும் மயக்கமருந்துக் குறிப்பும், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள், தொப்புள்கொடி ரத்தச் சோதனை, பிறந்ததும் மூச்சு வரவழைக்கச் செய்த முயற்சிகளின் பதிவு, வேறு மருத்துவமனைக்கு மாற்றியிருந்தால் ஆம்புலன்ஸ் பதிவு. கணினியில் பதியும் மருத்துவமனை என்றால், எந்தக் குறிப்பை யார் எப்போது திருத்தினார் என்ற பதிவும் இருக்கும். வழக்கறிஞர் வழியாக அதையும் கேட்கலாம்.

4. தாள்களைப் படிப்பது எப்படி

இதை ஒரு நிபுணர்தான் முடிவாகச் செய்ய வேண்டும். ஆனாலும் பெற்றோர் தாங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு, பார்க்கவும் வேண்டும்.

அப்கார் மதிப்பெண்ணில் தொடங்குங்கள். 1952-இல் டாக்டர் வர்ஜீனியா அப்கார் வகுத்த முறை; பிறந்த 1-ஆம் நிமிடத்திலும் 5-ஆம் நிமிடத்திலும் பத்துக்கு இத்தனை என்று போடுவார்கள். ஐந்தாம் நிமிடத்தில் 7-க்குக் கீழே இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 20 நிமிடம் வரை, தொடர்ந்து போட வேண்டும். முதல் நிமிடத்தில் 2 இருந்து ஐந்தாம் நிமிடத்தில் 8 ஆன குழந்தையும், பத்தாம் நிமிடத்திலும் 3-இலேயே நின்ற குழந்தையும் ஒன்றல்ல. குழந்தை வென்டிலேட்டரில் இருக்கும்போது தாளில் 8, 9 என்று இருந்தால், யார் அதைப் போட்டார் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மை. பி.ஹெச். 7.0-க்குக் கீழேயும், ‘பேஸ் டெஃபிசிட்’ (ரத்தத்தில் காரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு) 12 அல்லது அதற்கு மேலும் இருந்தால், பிறப்பதற்குச் சற்று முன்வரை குழந்தை ஆக்சிஜன் இல்லாமல் தவித்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரியும் குழந்தை மருத்துவர்களின் அகாடமியும் 2014-இல் வெளியிட்ட அறிக்கை இதையும், ஐந்தாம் பத்தாம் நிமிடங்களில் அப்கார் 5-க்குக் குறைவாக இருப்பதையும், எம்.ஆர்.ஐ.யில் குறிப்பிட்ட வடிவத்தில் பாதிப்புத் தெரிவதையும், சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற மற்ற உறுப்புகளும் சேர்ந்து அடிவாங்கியிருப்பதையும் அடையாளங்களாகச் சொல்கிறது. இவை சேர்ந்து வந்தால் பிரசவ நேரத்தில்தான் பாதிப்பு நேர்ந்தது என்ற வாதம் வலுப்பெறும். எதுவுமே இல்லையென்றால் மரபணுக் கோளாறு, வளர்சிதைமாற்றக் கோளாறு, கர்ப்பத்தில் முன்பே வந்த பக்கவாதம், தொற்று என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

இதயத்துடிப்பு: சாதாரணமாக நிமிடத்துக்கு 110 முதல் 160. சி.டி.ஜி. இல்லாமல் கருவியால் கேட்டு எழுதும் இடங்களில், வலி முற்றிய பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் எதுவும் எழுதப்படவில்லையா? அல்லது ஒரே பேனாவில், ஒரே சாய்வில், வரிசையாக 140, 140, 140 என்று இருக்கிறதா? குறித்து வையுங்கள்.

வலிக்கு டிரிப் போட்டிருந்தால் அளவு எப்போதெல்லாம் கூட்டப்பட்டது என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் வலி வந்துகொண்டிருந்தால், இரண்டு வலிக்கு நடுவே குழந்தைக்கு மூச்சுவாங்க நேரமில்லை. அப்போதும் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் அது கேள்விக்குரியது.

நேரங்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. சி.டி.ஜி. கருவியின் கடிகாரமும் தியேட்டர் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிடம் வேறுபட்டு ஓடுவது சகஜம். பொருந்தாத நேரத்தைப் பார்த்ததும் “திருத்திட்டாங்க” என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிறந்த நேரம் போன்று எல்லாத் தாள்களிலும் வரும் ஒரு புள்ளியை எடுத்து, மற்றவற்றை அதனோடு பொருத்திப் பாருங்கள்.

5. மருத்துவமனையிடம் விளக்கம் கேளுங்கள்

வழக்கறிஞர் நோட்டீஸுக்கு முன்பே இதைச் செய்யலாம். பல இடங்களில் இப்படிப்பட்ட பிறப்புகளை உள்ளேயே ஆய்வு செய்யும் ஏற்பாடு உண்டு. சந்திப்புக்கு நேரம் கேட்டு, கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். பேசுவதை ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். என் அனுபவத்தில், கொஞ்சமாவது மனம்விட்டுப் பேசிய மருத்துவரிடம் பெற்றோர் அமைதி அடைந்து திரும்பியதும் உண்டு. கதவைச் சாத்தியதாலேயே வழக்குக்குப் போனவர்களும் உண்டு.

இந்தச் சந்திப்பில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம், இதுல ஒரு கையெழுத்து” என்று நீட்டப்படும் தாளில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி இருக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். சமூக ஊடகத்தில் டாக்டரின் பெயரைப் போட்டு எழுதுவதும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடுவதும் உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

6. தவறு என்று சட்டம் எதைச் சொல்கிறது

இழப்பீட்டு வழக்கில் பெரும்பாலான நாடுகளில் நீங்கள் நிறுவ வேண்டியவை: மருத்துவமனைக்கு உங்கள் மீது கடமை இருந்தது, அந்தக் கடமையில் தவறியது, அந்தத் தவறால்தான் பாதிப்பு வந்தது, பாதிப்பின் அளவு இவ்வளவு. முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் சிக்கல் இல்லாதவை. சண்டை முழுவதும் நடுவில் உள்ள இரண்டில்தான்.

கடமை தவறியதா என்பதற்கு நீதிமன்றங்கள் நெடுநாளாகப் பிடித்துவரும் அளவுகோல் இங்கிலாந்தில் 1957-இல் வந்த போலம் தீர்ப்பு. அதே துறையில் உள்ள பொறுப்பான மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளும் வழியில் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்கிறது அது. மருத்துவர்கள் சொன்னால் போதுமா, அது பகுத்தறிவுக்கு நிற்க வேண்டாமா என்று 1997-இல் பொலிதோ தீர்ப்பு சேர்த்தது. ஆயுதப் பிரசவத்தில் மூளை பாதித்த ஒரு குழந்தையின் வழக்கு இங்கிலாந்தின் உச்ச மன்றம் வரை போய் 1981-இல் தோற்றது. ஆனால் வேறொரு வாதத்தில் 2015-இல் மாண்ட்கோமரி வழக்கு வென்றது. அந்தத் தாய்க்குச் சர்க்கரை நோய். உயரம் குறைவானவர். குழந்தையின் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தும், சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று டாக்டர் சொல்லாமல் விட்டார். தோள் சிக்கியது, 12 நிமிடம் போனது, குழந்தைக்கு மூளை பாதித்தது. பெண்ணுக்கு அந்த அபாயத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே உங்களிடம் என்ன சொல்லப்பட்டது, எந்த மாற்றுவழி சொல்லப்படவில்லை என்பதும் ஒரு முழு வழக்காகலாம். இந்த வழியை நினைத்தே பார்க்காத பெற்றோர் நிறைய.

காரணத் தொடர்புதான் எல்லாவற்றிலும் கடினம். மருத்துவமனை தாமதம் செய்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தாமதம் இல்லாவிட்டாலும் இதே பாதிப்பு வந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு நிறுவிவிட்டால் வழக்கு நிற்காது. இங்கே நிமிடங்கள் பேசும். ஆக்சிஜன் ஏறக்குறைய முழுதாக நின்றுபோனால், நிறைமாதக் குழந்தையின் மூளை பொதுவாகப் பத்து நிமிடம் வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும் என்ற கணக்கை வைத்தே நிபுணர்கள் வாதிடுவார்கள். இது 1970-களில் ரொனால்ட் மையர்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த அறிவு. திடீரென்று முழுதாக நின்றதா, பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும்: முதலாவதில் மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளிலும், இரண்டாவதில் ரத்தக்குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் புறப்பகுதிகளிலும் சேதம் தெரியும். அவசர சிசேரியனுக்கு முடிவெடுத்ததிலிருந்து குழந்தையை எடுப்பதுவரை 30 நிமிடம் என்ற அளவுகோலும் இங்கேதான் பயன்படும். கொடி நழுவிய ஒரு பிரசவத்தில் 20 நிமிடத் தாமதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கலாம். வேறொரு பிரசவத்தில், தாய் வந்து சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கலாம்.

இந்த விவாதம் புதிதல்ல. கடினமான பிரசவமே குழந்தையின் கை கால் இறுக்கத்துக்குக் காரணம் என்று 1861-இல் லண்டனில் வில்லியம் லிட்டில் சொன்னார். கடினமான பிரசவமே கருவில் முன்பே இருந்த கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்று 1897-இல் சிக்மண்ட் ஃப்ராய்டு எழுதினார். அவர் அப்போது நரம்பியல் மருத்துவர். மூளைவாத நோய் என்று நாம் சொல்லும் செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளில் சிறு பகுதியினருக்குத்தான் பிரசவ நேர ஆக்சிஜன் குறைவு காரணம் என்பது இன்று நிலைபெற்ற கருத்து. உங்களுடையது அந்தச் சிறு பகுதியா என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். கடமை தவறியதா என்பதற்கு மகப்பேறு மருத்துவர் ஒருவரும், காரணத்துக்குப் பச்சிளங்குழந்தை மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர், எம்.ஆர்.ஐ. படிக்கும் நிபுணர் ஆகியோரும் தேவைப்படலாம். அவர்கள் “இதில் தவறு தெரியவில்லை” என்று சொன்னால், அதை ஏற்பது எவ்வளவு கடினமாக இருந்தாலும், அந்த ஒரு வரி உங்கள் பத்து ஆண்டைக் காப்பாற்றும்.

7. காலவரம்பு

இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு. குழந்தைக்கு அது 18 வயதில்தான் ஓடத் தொடங்கும். இந்திய நுகர்வோர் சட்டத்தில் 2 ஆண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குழந்தையின் கோரிக்கைக்கும் பெற்றோரின் சொந்தக் கோரிக்கைக்கும் வெவ்வேறு வரம்பு இருக்கலாம். “பையன் வளரட்டும், பாத்துக்கலாம்” என்பதற்கு எல்லா இடத்திலும் இடமில்லை.

8. எந்த வழி

இந்தியாவில் நுகர்வோர் ஆணையம், சிவில் நீதிமன்றம், மருத்துவ கவுன்சில், குற்ற வழக்கு என்று நான்கு வழிகள் உண்டு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அதில் வராது. கவுன்சில் மருத்துவரின் பதிவைப் பற்றி முடிவெடுக்கும், பணம் வாங்கித் தராது. குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது 2005-இன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. கோபத்தில் முதலில் காவல் நிலையம் போகும் குடும்பங்கள், குழந்தையின் சிகிச்சைக்கு எது உதவும் என்பதை மறந்துவிடுகின்றன. என் கருத்தில் குழந்தையின் எதிர்காலச் செலவை ஈட்டித் தரும் வழிதான் முதல் வழி.

சில நாடுகளில் யார் தவறு என்று நிறுவாமலே உதவி கிடைக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1987-இலும் ஃபுளோரிடாவில் 1988-இலும் பிறப்பு நேர நரம்புப் பாதிப்புக்கென்றே நிதித் திட்டங்கள் வந்தன. அவற்றுக்குள் வரும் குழந்தைக்குப் பொதுவாக வழக்குப் போடும் உரிமை இருக்காது. ஜப்பான் 2009-இல் தொடங்கிய திட்டம் தீவிர மூளைவாதம் உள்ள குழந்தைக்குப் பணமும் தருகிறது, ஏன் நேர்ந்தது என்று ஆராய்ந்து குடும்பத்துக்கு அறிக்கையும் தருகிறது. நியூசிலாந்திலும் சுவீடனிலும் இதைப் போன்ற ஏற்பாடுகள் உண்டு. நீங்கள் வாழும் நாட்டில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே வழக்கு.

9. வழக்கறிஞர்

மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை, அதிலும் பிரசவ வழக்குகளை நடத்தியவரா என்று கேளுங்கள். “கண்டிப்பா ஜெயிச்சிடலாம்” என்று கேஸ் ஷீட்டைப் புரட்டுவதற்கு முன்பே சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நல்லவர் முதலில் கேட்பது சி.டி.ஜி. தாளையும் எம்.ஆர்.ஐ. சி.டி.யையும்தான். வென்றால் பங்கு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் வழக்கம். இந்தியாவில் வழக்கறிஞருக்கு அது தடை. பணமில்லை என்று விட்டுவிட வேண்டாம். இந்தியாவில் 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இங்கிலாந்தில் கருவிலோ பிறப்பிலோ பிறந்து எட்டு வாரத்துக்குள்ளோ நேர்ந்த நரம்புப் பாதிப்புக்குச் சட்ட உதவி கிடைக்கும்.

10. வழக்கு ஓடும்போதும் சிகிச்சை ஓட வேண்டும்

வழக்கு பல ஆண்டு நீளலாம். குழந்தையின் மூளை அதற்காகக் காத்திருக்காது. மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் குழந்தையின் தன்னிச்சை அசைவுகளைப் பார்த்து மூளைவாதத்தின் அபாயத்தைப் பெரும்பாலும் கணிக்க முடிகிறது. எனவே “ஒரு வயசு ஆகட்டும், தானா சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் கேட்காமல், பிசியோதெரபி, உணவு விழுங்கும் பயிற்சி, கண், காது சோதனைகளைத் தொடங்குங்கள். ஒவ்வொரு ரசீதையும், போக்குவரத்துச் செலவையும், நீங்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒரு நாள், காலையில் எழுந்ததிலிருந்து இரவுவரை குழந்தைக்காக என்னென்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்கில் எழுதி வையுங்கள். இழப்பீட்டைக் கணக்கிடும்போது, எத்தனை மணி நேரப் பராமரிப்பு தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஊனச் சான்றிதழையும் அரசு உதவிகளையும் வழக்கோடு கோத்து நிறுத்தி வைக்காதீர்கள். அவை தனி உரிமை.

பேச்சுவார்த்தைக்கு எதிர்த்தரப்பு சீக்கிரமே வந்தால், குழந்தையின் நிலை தெளிவாகும் வயதுக்கு முன் முழுத் தொகைக்கு ஒத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். ஒரு வயதில் லேசாகத் தெரிவது, பள்ளி வயதில் படிப்புச் சிக்கலாகவும் வலிப்பாகவும் வெளிப்படலாம். பல நாடுகளில் யார் பொறுப்பு என்பதை முதலில் தீர்த்து, இடைக்காலத் தொகை வாங்கி, முழுத் தொகையைப் பிறகு முடிவு செய்யும் வழி உண்டு. மொத்தமாக வாங்குவதா, ஆண்டுதோறும் வாங்குவதா என்று கேட்டால், வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படும் குழந்தைக்கு நான் ஆண்டுத்தொகையையே பரிந்துரைப்பேன். மொத்தப் பணம் வந்த வீட்டில் உறவுகள் கடன் கேட்டு வருவார்கள்.

சிறு குழந்தைக்காகச் செய்யும் சமரசத்துக்குப் பொதுவாக நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். பணம் குழந்தையின் பெயரில் பாதுகாக்கப்படும், சிகிச்சைக்குக் கணக்குக் காட்டி எடுக்கலாம். பதினெட்டு வயதானதும் சட்டம் பிள்ளையைத் தனி மனிதராகப் பார்க்கும். தானே முடிவெடுக்க இயலாதவராக இருந்தால், பெற்றோர் என்பதால் மட்டும் நீங்கள் அவருக்காகக் கையெழுத்திட முடியாது. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு மனு செய்யலாம். மற்ற நாடுகளிலும் அதற்கென ஒரு நடைமுறை இருக்கும். பதினேழாவது பிறந்தநாள் வரும்போதே அந்த மனுவுக்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.